தளபதியாக இருந்து தூதரானவர்

டில்லி கண்டோன்மென்ட் பக்கம் குடியிருந்தவர்களுக்கு ஜனவரி மாதம் பிறந்துவிட்டாலே பாண்டு வாத்தியச் சத்தம் காதில் விழும். பொங்கலையொட்டி வரும் 15-ஆம் தேதி இராணுவ தினம். 2022 வரை அந்த அணிவகுப்பு கண்டோன்மென்ட்டில் உள்ள கரியப்பா மைதானத்தில்தான் வருஷந்தோறும் நடந்தது. அந்த வழியாக பஸ்ஸில் ஆபீஸுக்குப் போய் வந்த நம்மவர்களில் பலர், கரியப்பா யார் என்றால் முதல் இந்தியத் தளபதி என்று சொல்லிவிடுவார்கள். சேனாதிபதி பதவியை விட்டு இறங்கியபின் அவர் ஆஸ்திரேலியாவில் மூன்று வருஷம் இந்தியாவின் தூதராக இருந்ததும், அங்கே ஒரு சங்கடமான விஷயத்தை வாய்திறந்து பேசியதும் அவ்வளவாகத் தெரிந்திருக்காது.

கோடண்டேர மாதப்பா கரியப்பா 1899 ஜனவரி 28-ஆம் தேதி குடகு நாட்டில் சனிவாரசந்தை என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் ரெவின்யூ இலாகாவில் உத்தியோகஸ்தர். நான்கு பிள்ளைகள், இரண்டு பெண்கள் கொண்ட குடும்பத்தில் கரியப்பா இரண்டாவது குழந்தை. மடிக்கேரியில் பள்ளிப் படிப்பு 1917-ல் முடிந்ததும் சென்னைக்கு வந்து கடற்கரையில் உள்ள மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த சமயம் அது. இந்தியர்களையும் இராணுவ அதிகாரிகளாக எடுத்து இந்தியாவிலேயே பயிற்சி தரப்போகிறார்கள் என்ற சேதி கல்லூரியில் இருக்கும்போதுதான் அவருக்கு எட்டியது. மனுப்போட்டார். எழுபது பேர் மனுச் செய்ததில் நாற்பத்திரண்டு பேருக்குத்தான் இந்தூர் டேலி கல்லூரியில் இடம் கிடைத்தது. அவர்களில் ஒருவரானார்.

1919 டிசம்பரில் அதிகாரியாகி அவர் முதலில் சேர்ந்த படை கர்னாடிக் இன்ஃபன்ட்ரி, அதாவது பழைய மதராஸ் பட்டாளத்தின் வழிவந்தது. அடுத்த ஆண்டே மெசபடோமியா, அதாவது இன்றைய இராக். 1923-ல் இராஜபுத்திர ரெஜிமென்டுக்கு வந்து சேர்ந்தபின் அதுவே அவர் வீடாயிற்று.

அந்தக் காலத்து ரெஜிமென்டுகளில் பெரும்பாலான அதிகாரிகள் வெள்ளைக்காரர்கள். அவர்களுக்குக் கரியப்பா என்ற பெயர் நாக்கில் வரவில்லை. ஒரு அதிகாரியின் மனைவி அவரைக் கிப்பர் என்று கூப்பிட ஆரம்பித்தார். அதுவே கடைசிவரை ஒட்டிக்கொண்டது. கிப்பர் என்பது புகைபோட்டு உலர்த்திய ஒருவகை மீன், கிட்டத்தட்ட நம்மூர்க் கருவாடு. அதை அவர் பெரிதுபடுத்தியதாகத் தெரியவில்லை. ஆனால் குவெட்டா ஸ்டாஃப் கல்லூரிக்கு 1933-ல் தேர்வாகி உள்ளே போன முதல் இந்திய அதிகாரி அந்தக் கிப்பர்தான். 1942-ல் ஒரு பட்டாளத்துக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியரும் அவரே. அந்த இரண்டுக்கும் நடுவே ஒன்பது வருஷம். பிறகு இராக், சிரியா, ஈரான், பர்மா என்று யுத்தகாலம் கழிந்து, பிரிகேடியராக வடமேற்கு எல்லைக்குப் போனார். அங்கே அவர் கீழ் வேலை பார்த்த அதிகாரிகளில் ஒருவர் அயூப் கான். இந்தப் பெயர் பின்னால் மறுபடியும் வரும்.

பங்கு போட்ட பட்டாளம்

1947-ல் நாடு பிரிந்தது. மேஜை நாற்காலி, தட்டச்சு யந்திரம், ரயில் எஞ்சின் எல்லாவற்றையும் பங்கு போட்டதுபோல் பட்டாளத்தையும் பங்கு போட்டார்கள். இருபது வருஷம் ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டவர்கள் ஆளுக்கொரு பக்கம் போகவேண்டியதாயிற்று. ஆகஸ்டு 6-ஆம் தேதி டில்லி ஜிம்கானா கிளப்பில் பாகிஸ்தான் போகிற அதிகாரிகளுக்கு வழியனுப்பு விருந்து. அங்கே கரியப்பா அவர்களிடம் ஒரு வெள்ளிச் சிலையைக் கொடுத்தார். ஒரு ஹிந்து ஜவானும் ஒரு முஸ்லிம் ஜவானும் தோளோடு தோள் நிற்கும் சிலை. பொது எதிரியை நோக்கி இருவர் துப்பாக்கியும் ஒரே திசையில் நீண்டிருக்கும். மூன்று மாதம் கழிவதற்குள் காஷ்மீரில் சண்டை மூண்டு, அந்த விருந்தில் கைகுலுக்கியவர்களே எதிரெதிர்ப் பாசறைகளில் இருந்தார்கள்.

காஷ்மீர் சண்டையை நடத்தும் பொறுப்பு 1948 ஜனவரியில் கரியப்பாவிடம் வந்தது. அதற்குச் சற்று முன்புதான் அவருக்கும் காந்திஜிக்கும் ஒரு விவாதம். லண்டனில் பேசும்போது, இன்றைய நிலையில் அஹிம்சை இந்தியாவுக்குப் பயன்படாது, பலமான இராணுவம்தான் வேண்டும் என்ற பொருளில் கரியப்பா பேசியிருந்தார். காந்திஜி சும்மா விடவில்லை. அஹிம்சையின் சக்தியைப்பற்றித் தீர்ப்புச் சொல்லத் தங்களுக்குத் தகுதியில்லை என்று கரியப்பாவைவிடப் பெரிய தளபதிகளே அடக்கத்தோடு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்று ஹரிஜன் பத்திரிகையில் எழுதினார். வேறொருவராக இருந்தால் முகம் சுளித்திருப்பார். கரியப்பா டில்லிக்கு வந்ததும் நேரே காந்திஜியைத் தேடிப்போனார். ஆயுதம் ஏந்தும் சிப்பாய்க்கு அவன் கடமை கெடாமல் அஹிம்சையை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டார். காந்திஜிக்கும் உடனே விடை கிடைக்கவில்லை. யோசித்துச் சொல்வதாக இருந்தார். காஷ்மீருக்குப் புறப்படுமுன் பிர்லா மாளிகையில் மறுபடி சந்தித்து விடைபெற்றார் கரியப்பா. அந்த மாதம் 30-ஆம் தேதி காந்திஜி சுடப்பட்டு இறந்தார்.

காஷ்மீர்ச் சண்டையை முழுக்க எழுதினால் இந்தப் பக்கம் கொள்ளாது. இரண்டைச் சொன்னால் போதும். நௌஷேராவைக் காத்துநின்ற பிரிகேடியர் உஸ்மானிடம் போய், பக்கத்தில் உள்ள கோட் என்ற குன்றைத் தமக்குப் பரிசாகப் பிடித்துத் தரவேண்டும் என்று கரியப்பா கேட்டாராம். உஸ்மான் பிடித்துக் கொடுத்தார். அந்தத் தாக்குதலுக்கு உஸ்மான் வைத்த பெயர் ஆபரேஷன் கிப்பர். ஐந்து மாதம் கழித்து, ஜூலை 3-ஆம் தேதி, ஜங்கரில் பீரங்கிக் குண்டு பட்டு உஸ்மான் மாண்டார். அவர் சமாதி டில்லி ஓக்லாவில், ஜாமியா மில்லியா பக்கத்தில் இருக்கிறது.

மற்றது ஜோஜி லா கணவாய். சுமார் 11,500 அடி உயரம். அதை எதிரிகள் அடைத்துக்கொண்டதால் லடாக்குக்குத் தரைவழி இல்லை. லே நகரம் தவித்தது. கால்நடையாகப் போய்த் தாக்கியது பலிக்கவில்லை. அந்த உயரத்துக்கு டாங்கிகளை ஏற்றுவது என்று முடிவாயிற்று. ஜம்முவிலிருந்து டாங்கிகளின் மேற்கூட்டைக் கழற்றி, ஒற்றர் கண்ணில் படாமல் மறைத்துக் கொண்டுபோனார்கள். பால்தாலிலிருந்து கணவாய்வரை கோவேறு கழுதை நடக்கிற பாதைதான் இருந்தது. அதை டாங்கி ஏறும் சாலையாக்கியவர்கள் மதராஸ் சாப்பர்ஸ் ஜவான்கள். கொட்டுகிற பனியில், எதிரியின் குண்டுக்கு நடுவே, வேலூர், சேலம் பக்கத்துப் பையன்களும் பாறையை உடைத்துப் போட்ட பாதை அது. 1948 நவம்பர் 1-ஆம் தேதி டாங்கிகள் கணவாயில் ஏறின. களத்தில் நின்று நடத்தியவர் ஜெனரல் திம்மய்யா, அவரும் குடகுக்காரர். அந்த மாதமே கார்கில் மீட்கப்பட்டு லேயுக்கு வழி திறந்தது.

சேனாதிபதி

சுதந்திரம் வந்து ஒன்றரை வருஷமாகியும் இந்திய இராணுவத்தின் தலைமையில் வெள்ளைக்காரரே இருந்தார். இந்தியர்களுக்கு அனுபவம் போதாது என்ற பேச்சு அரசாங்கத்துக்குள்ளேயே இருந்தது. யாரைப் போடலாம் என்று ஆலோசித்தபோது, பெயர் அடிபட்ட மற்ற இருவர், நாதுசிங்கும் இராஜேந்திரசிங்ஜியும், கரியப்பாதான் எங்களுக்கு மூத்தவர் என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டதாகக் கூறுவார்கள். சீனியாரிட்டி லிஸ்டில் ஒரு இடம் முன்னே பின்னே போனால் என்ன பாடு என்று அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். 1949 ஜனவரி 15-ஆம் தேதி ஜெனரல் ராய் புச்சரிடமிருந்து கரியப்பா பொறுப்பேற்றார்.

அவருடைய ஹிந்தியைப்பற்றி ஒரு கதை டில்லியில் வெகுகாலம் உலவியது. ஜவான்களிடம் சுதந்திரத்தைப்பற்றிப் பேசவந்தவர், ஆஸாத் என்று சொல்லவேண்டிய இடத்தில் மஃப்த் என்ற சொல்லைப் போட்டுவிட்டாராம். நாம் எல்லோரும் விடுதலை பெற்றோம் என்பது நாம் எல்லோரும் இலவசம் என்று ஆகிவிட்டது. நடந்ததோ, கட்டிவிட்டதோ, முதல் மாதம் காய்கறிக் கடையில் ஹிந்தி பேசி மாட்டிக்கொண்ட எந்தத் தென்னாட்டுக்காரருக்கும் இது பொய்யென்று தோன்றாது.

மொழி தடுமாறினாலும் வேலை தடுமாறவில்லை. பழைய ரெஜிமென்டுகள் ஜாதி, இனம் பார்த்து ஆள் சேர்த்தவை. எல்லா இனத்தாரும் கலந்து சேரக்கூடிய கார்ட்ஸ் படையை 1949-ல் உண்டாக்கினார். நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தவர்களைத் திரும்ப இராணுவத்தில் எடுக்க அவர் சம்மதிக்கவில்லை. சத்தியப் பிரமாணத்தை ஒருமுறை மீறியவர்களைச் சேர்த்தால் கட்டுப்பாடு குலையும் என்பது அவர் கட்சி. இதை ஏற்காதவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. ஆனால் அதே நேதாஜியின் ஜெய்ஹிந்த் என்ற வணக்கத்தைத் தயங்காமல் எடுத்துக்கொண்டார்.

அவரிடம் ஒரு குறையும் இருந்தது. பேச்சு. பத்திரிகைக்காரர்களைக் கண்டால் பொருளாதாரம், நிர்வாகம், ஒழுக்கம் என்று எல்லாவற்றையும் பற்றி அபிப்பிராயம் சொல்வார். துப்பாக்கி ஏந்திய கூட்டத்தின் தலைவர் அரசியலைப்பற்றி அபிப்பிராயம் சொன்னால், அது நல்ல அபிப்பிராயமாக இருந்தாலும், மந்திரிசபைக்கு இருப்பு கொள்ளாது. பத்திரிகைப் பேட்டிகளைக் குறைத்துக்கொள்ளும்படி 1952 அக்டோபரில் பிரதமர் நேருவே அவருக்குக் கடிதம் எழுதினார். மற்ற தேசங்களில் தளபதிகள் நாற்காலியைப் பிடிக்க ஆரம்பித்திருந்த காலம். எகிப்தில் அந்த வருஷம் ஜூலையில்தான் இராணுவம் அரசரை விரட்டியிருந்தது. நேரு எழுதியதற்குக் காரணம் இல்லாமலில்லை.

கரியப்பா என்ன செய்தார்? 1953 ஜனவரி 14-ஆம் தேதி, சரியாக நான்கு வருஷம் முடிந்த அன்று, சார்ஜை இராஜேந்திரசிங்ஜியிடம் ஒப்படைத்துவிட்டு இறங்கினார். நீட்டிப்புக்காக ஒரு வார்த்தை இல்லை, முணுமுணுப்பு இல்லை. வயது ஐம்பத்துமூன்றுதான். ஜவான்கள் மத்தியில் அவருக்கு இருந்த செல்வாக்கு கொஞ்சநஞ்சமல்ல. இருந்தும் ஒரு குமாஸ்தா ரிட்டையராவதைப்போல அமைதியாகப் போனார்.

கான்பெராவில் மூன்று வருஷம்

அடுத்து வந்த உத்தரவு, ஆஸ்திரேலியாவுக்கும் நியூஸிலாந்துக்கும் இந்திய ஹைகமிஷனர். காமன்வெல்த் நாடுகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் தூதருக்கு அந்தப் பெயர். அம்பாஸடர் என்பதற்குச் சமம். டில்லியில் உடனே பேச்சுக் கிளம்பியது. செல்வாக்குள்ள தளபதி தலைநகரிலேயே சும்மா இருந்தால் அரசியலில் காலை வைப்பார், அதனால் கடல்கடந்து அனுப்பிவிட்டார்கள் என்றார்கள். ஆபீஸ் பாஷையில் சொன்னால் கௌரவமான டிரான்ஸ்பர். மரியாதையும் ஜாக்கிரதையும் இரண்டுமே அந்த உத்தரவில் இருந்திருக்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவருக்குமுன் அங்கே ஹைகமிஷனராக இருந்தவர் கிரிக்கெட் வீரர் துலீப்சிங்ஜி, ஜாம்நகர் இராஜ குடும்பத்தவர். கரியப்பா விட்டுவந்த நாற்காலியில் உட்கார்ந்த இராஜேந்திரசிங்ஜியும் அதே குடும்பத்தவர்.

தளபதியின் தொழில் உத்தரவிடுவது. தூதருக்கு உத்தரவிட ஆள் கிடையாது. கேட்கவேண்டும், விருந்து கொடுக்கவேண்டும், மனத்தில் பட்டதில் பாதியை விழுங்கவேண்டும். அதிலும் அன்றைய ஆஸ்திரேலியா சுலபமான இடமல்ல. பிரதமர் மென்ஸிஸ் அமெரிக்காவோடும் பிரிட்டனோடும் நெருங்கி நின்றார். 1954-ல் தென்கிழக்காசிய ஒப்பந்தத்தில் ஆஸ்திரேலியா சேர்ந்தது, பாகிஸ்தானும் சேர்ந்தது. இந்தியா எந்த அணியிலும் சேரமாட்டேன் என்றது. நேற்றுவரை பாகிஸ்தானோடு சண்டையிட்ட தளபதி, அணிசேராமையை விளக்கிச் சொல்லவேண்டிய இடத்தில் இருந்தார். வெளிநாட்டு மந்திரி ரிச்சர்டு கேஸி மட்டும் இந்தியாவை அறிந்தவர். யுத்தகாலத்தில் வங்காள கவர்னராக இருந்தவர்.

உண்மையான முள் வேறு. ஆஸ்திரேலியாவில் வெள்ளையரல்லாதார் குடியேறமுடியாது. 1901-ல் சட்டமாக வந்த ஏற்பாடு இது. அந்தச் சட்டத்தில் கறுப்பர் என்றோ ஆசியர் என்றோ எழுதியிருக்கமாட்டார்கள். வந்து இறங்குகிறவருக்கு டிக்டேஷன் பரீட்சை வைப்பார்கள், அவ்வளவுதான். ஐரோப்பிய மொழி எதிலும் வைக்கலாம். வேண்டாதவருக்கு இங்கிலீஷ் தெரிந்தால் அவர் கேள்விப்படாத இன்னொரு மொழியில் ஐம்பது வார்த்தை வாசித்து எழுதச்சொல்வார்கள். தோற்றவர் அடுத்த கப்பலில் திரும்பவேண்டியதுதான். ஒரு பக்கம் கொழும்புத் திட்டத்தின்கீழ் ஆசிய மாணவர்களை அழைத்துப் படிக்கவைத்தார்கள், இந்தியாவுக்கும் உதவி கொடுத்தார்கள். மறுபக்கம் நிரந்தரமாகத் தங்கக் கதவு இல்லை. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கு, நீ படிக்கலாம், உழைக்கலாம், ஆனால் நீ எங்கள் ஆளல்ல என்று சொல்லப்படுவதன் வலியை விளக்கவேண்டியதில்லை.

இந்த விஷயத்தில் தூதர்கள் பொதுவாக வாய்மூடி இருப்பார்கள். குடியேற்றம் அந்தந்த நாட்டின் சொந்த விவகாரம் என்பது சம்பிரதாயம். கரியப்பா 1954-ல் பகிரங்கமாகப் பேசினார். நிறம் பார்த்து ஆளை ஒதுக்கும் கொள்கை, காமன்வெல்த்தில் சமமாகச் சேர்ந்திருக்கும் ஆசிய தேசங்களின் மனத்தைப் புண்படுத்துகிறது, உறவையே கெடுக்கும் என்பது அவர் சொன்னதன் சாரம். பத்திரிகைகளில் புயல் கிளம்பியது. விருந்தாளி வீட்டுக்காரரைக் குறைசொல்லலாமா என்று சிலர் கோபித்தார்கள். அவர் சொன்னதில் தப்பென்ன என்று கேட்ட ஆஸ்திரேலியர்களும் இருந்தார்கள். அரசாங்கம் அசையவில்லை.

வாயடக்கம் இல்லாததுதான் டில்லியில் அவர்மேல் சொல்லப்பட்ட புகார். அதே வாய்தான் கான்பெராவில் இதைச் சொன்னது. சாமர்த்தியமான தூதர் என்று அவரைச் சொல்லமுடியாது. சாமர்த்தியசாலியாக இருந்தால் இது அவர் பதவிக்காலத்தில் ஒரு ரகசியக் கடிதமாகப் போய்ப் பைலில் தூங்கியிருக்கும். டிக்டேஷன் பரீட்சை 1958-ல் நீக்கப்பட்டது. 1966-ல் விதிகள் தளர்ந்தன. 1973-ல் விட்லம் அரசாங்கம் நிறப் பாகுபாட்டை அடியோடு கைவிட்டது. கரியப்பா பேசியதால்தான் இவை நடந்தன என்று சொல்வது மிகை. அதற்குப் பலர் பாடுபட்டார்கள். இன்று ஆஸ்திரேலியாவில் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் வீடும் நிலமுமாக இருக்கிறார்கள்.

1956 ஏப்ரலில் பதவிக்காலம் முடிந்து திரும்பினார். மடிக்கேரியில் ரோஷனாரா என்ற தம் வீட்டுக்குப் போனார். மனைவியோடு வாழ்ந்த வாழ்வு 1945-லேயே முறிந்திருந்தது. அந்த அம்மாள் சில வருஷத்தில் விபத்தில் இறந்தும் போனார். ஒரு மகனும் ஒரு மகளும் தகப்பனாரிடம் வளர்ந்தவர்கள்.

1958 அக்டோபரில் பாகிஸ்தானில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பிடித்தவர் அயூப் கான், எல்லைப்புறத்தில் கரியப்பாவின்கீழ் இருந்த அதே அயூப் கான். 1965 யுத்தத்தில், செப்டம்பர் 22-ஆம் தேதி, சண்டை நிற்கப்போகிற நேரத்தில், விமானப்படையில் இருந்த கரியப்பாவின் மகன் நந்தாவின் விமானம் சுடப்பட்டது. அவர் பாகிஸ்தானியரிடம் சிறைப்பட்டார். ஜனாதிபதி அயூப் கான் டில்லியில் உள்ள தம் தூதர்மூலம் பழைய மேலதிகாரிக்குச் சேதி அனுப்பினார்: விரும்பினால் மகனை விட்டுவிடுகிறேன். கரியப்பா மறுத்துவிட்டார். சிறைப்பட்ட ஜவான்கள் எல்லோருமே தமக்குப் பிள்ளைகள்தாம். விடுவதானால் எல்லோரையும் விடவேண்டும், நந்தாவுக்கென்று தனிச் சலுகை எதுவும் வேண்டாம் என்பது அவர் பதில். நந்தா மற்றவர்களோடு சேர்ந்து 1966-ல்தான் வீடு திரும்பினார். அயூப் கானின் மனைவியும் மகனும் தம்மை ஆஸ்பத்திரியில் வந்து பார்த்து, சிகரெட்டும் ஒரு நாவலும் கொடுத்துவிட்டுப் போனதாகப் பின்னாளில் அவர் சொன்னார்.

முதுமையில் கரியப்பாவின் அரசியல் பேச்சுக்கள் சோபிக்கவில்லை. கட்சிச் சண்டைகளில் வெறுத்துப்போய், கொஞ்ச காலத்துக்கு நாட்டை ஜனாதிபதி ஆட்சியில் வைக்கவேண்டும் என்றெல்லாம் பேசினார். அதிகாரத்தில் இருந்தபோது அதைத் தொடாமல் விலகியவர், அதிகாரம் இல்லாதபோது இப்படிப் பேசியது விசித்திரம். 1971-ல் பம்பாயில் பார்லிமென்ட் தேர்தலுக்கு நின்று தோற்றார். ஆனால் ரிட்டையரான ஜவான்களுக்காக ஓயாமல் உழைத்தார். 1964-ல் முன்னாள் இராணுவத்தினர் சங்கத்தைத் தோற்றுவித்ததில் அவர் பங்கு பெரிது. முப்பத்தைந்து வயதில் பட்டாளத்திலிருந்து வெளிவந்து வேலைக்கு அலைகிறவன் நிலைமையை எந்த மந்திரியிடமும் எடுத்துச் சொல்ல அவர் கூசியதில்லை.

1986 ஏப்ரலில் இராஷ்டிரபதி பவனில் அவருக்கு ஃபீல்டு மார்ஷல் பட்டம் அளித்தார்கள். மானெக்ஷாவுக்கு அடுத்து அதைப் பெற்ற இரண்டாமவர். அப்போது வயது எண்பத்தேழு. சேனாதிபதி பதவியை விட்டு முப்பத்துமூன்று வருஷம் ஆகியிருந்தது.

1993 மே 15-ஆம் தேதி பெங்களூரில் காலமானார். இரண்டு நாள் கழித்து மடிக்கேரியில் இராணுவ மரியாதையோடு தகனம் நடந்தது. முப்படைத் தளபதிகளும் வந்திருந்தார்கள், மானெக்ஷாவும் வந்திருந்தார்.

இராணுவ தின அணிவகுப்பை டில்லியிலேயே நடத்தாமல் வருஷத்துக்கு ஒரு ஊரில் நடத்துவது என்று பின்னர் முடிவு செய்தார்கள். முதல்முறையாக அது டில்லியைவிட்டு வெளியே போனது 2023 ஜனவரி 15-ஆம் தேதி, பெங்களூருக்கு. நடந்த இடம், ஜோஜி லாவுக்குப் பாதை போட்ட மதராஸ் சாப்பர்ஸின் கோவிந்தசாமி மைதானம்.